எட்டு வேளை மீன்கள்

திருப்பதி ஆய்வகத்தில் பிற்பகல் வெயில் எட்டு பாட்டில்களிலும் மஞ்சளாக நிற்கிறது. பழவேற்காட்டுக் கழிமுகத்தில் ஒரு பகலும் இரவும் மூன்று மணிக்கொரு முறை வலை வீசி ஆய்வக உதவியாளர் காலேப் கொண்டுவந்த விரல் நீள மீன்கள் அவற்றில். அவை நாளொன்றுக்கு எவ்வளவு தின்கின்றன என்பதே பிளெஸ்ஸியின் ஆராய்ச்சி. ‘விடிகாலை’ என்று ஒட்டிய பாட்டிலின் மீனைக் கீறுகிறாள். இரவெல்லாம் இரை தேடாத மீன். காலியாக இருக்க வேண்டிய வயிற்றில் மீசைகூடச் சிதையாத இறால் குஞ்சுகள். ‘நண்பகல்’ வயிற்றிலும் அதே குஞ்சுகள், ‘மாலை’யிலும் அதே.

“எல்லாம் ஒரே வீச்சுல பிடிச்சதாண்ணா?”

“இன்னாம்மா இப்டிக் கேக்குற? ராவெல்லாம் முழிச்சிக்கினு இருந்தேனே!” போனிலிருந்து காலேப் கண்ணெடுக்கவில்லை.

ஃபார்மலின் நெடியில் அவள் கண் கரிக்கிறது. பக்கத்தில் மடிக்கணினி திறந்தே இருக்கிறது. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் நேற்று அடித்த முதல் வரி: ‘எனக்காகத் தூங்காதிருந்த காலேப் அண்ணனுக்கு.’