நான்காம் தட்டு

“அவளை விட்டுருங்க மேடம். வேற யாரையாவது உட்கார வையுங்க” என்றார் கடலை விஞ்ஞானி.

ரகத் தேர்வு அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. “ஏன் சார், வீட்டம்மா நாக்குன்னா அவ்வளவு பயமா?”

பயம் நியாயமானதுதான். அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ரகத்துக்கு மகசூல் மட்டும் போதாது. வறுத்துத் தின்று பார்க்கும் குழுவும் சரியென்று சொல்ல வேண்டும். குழுவிலேயே கறாரானவள் அவருடைய மனைவி. மூட்டை மூட்டையாக விளைந்த ரகங்களையும் ஒரே கடியில் ஓரங்கட்டியவள். போன வருடம் காய்ச்சலில் படுத்த பிறகு வருவதை நிறுத்தியிருந்தாள். இன்று கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவளை அதிகாரி விடுவதாக இல்லை.

“தட்டுல நம்பர் மட்டும்தான் இருக்கு. எது சாரோடதுன்னு உங்களுக்குத் தெரியப் போறதில்ல. உட்காருங்கம்மா. நீங்க இல்லாம இந்த மேஜையே களையிழந்து கிடக்கு.”

அவள் கணவரைப் பார்த்தாள். “மதிச்சுக் கூப்பிடுறாங்க, மாட்டேன்னா நல்லாயிருக்காதுங்க” என்று உட்கார்ந்தாள்.

முதல் தட்டில் இரண்டு பருப்பு எடுத்து மென்றாள். பேசவில்லை. இரண்டாவது, மூன்றாவது தட்டுக்கும் அதே மௌனம். மற்றவர்கள் மார்க் போட்டுக்கொண்டிருக்க, அவள் பேனாவைத் தொடவே இல்லை. ஜன்னலோரம் நின்ற விஞ்ஞானி கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார். பாவம், பத்து வருட உழைப்பு என்று அதிகாரி இரக்கப்பட்டார்.

நான்காவது தட்டு விஞ்ஞானியுடையது. வயலில் அதுதான் முதலிடம்.

வாயில் போட்டவள் சட்டென்று முகம் சுளித்தாள். “ஐயே! கசக்குது!”

“ஆமா, மென்னு முடிக்கிறப்ப லேசா ஒரு கசப்பு” என்று பக்கத்தில் இருந்தவரும் ஒப்புக்கொண்டார்.

வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்துவிட்டது. இன்று இவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்று அதிகாரி கலங்கினார்.

விஞ்ஞானி ஓடிவந்தார். “நிஜமாவா? இன்னொன்னு தின்னு பார்த்துச் சொல்லு!”

“கசக்குதுங்க! நல்லாவே கசக்குது!” அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அவர் அதிகாரியை நோக்கிக் கைகூப்பினார். “உங்களுக்குக் கோடிப் புண்ணியம் மேடம். நல்லவேளை, என் பேச்சைக் கேக்காம இவளை உட்கார வச்சீங்க.”

“என்ன சார் சொல்றீங்க? உங்க ரகம் தோத்துப்போச்சே!”

“போனா போகட்டும், இன்னொன்னு உண்டாக்கிக்கலாம்” என்றார், மனைவியின் கையை விடாமல். “அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் இவ நாக்குக்கு ஒரு ருசி தெரியுறது இன்னிக்குத்தான் மேடம்!”