பச்சை ரப்பர் பேண்ட்

"பால்பவுடர், சர்க்கரை, நெய். இருபது நிமிஷத்துல பர்பி ரெடி! எதுக்கும்மா ரெண்டு தட்டு?" என்று கேட்டாள் ஷோபனா.

"தீபாவளிக்கு எத்தனை வீட்டுக்குக் கொடுக்கணும்! சிவப்பு ரப்பர் பேண்ட் போட்ட டப்பா நன்னிலத்துச் சொந்தக்காரங்களுக்கு. பச்சை போட்டது நம்ம வயல்ல வேலை பாக்குறவங்களுக்கு. மாத்திடாதே."

மகளின் முகத்தைப் பார்க்காமலே சொன்ன விஜயலட்சுமி, ஒரு காலிக் கவரைக் குப்பைக் கூடையின் அடியில் திணித்தாள்.

வாசலில் காத்தாயியின் குரல் கேட்டது. இருபது வருஷமாக இவர்கள் வயலில் நடவு நடுகிறவள். ஷோபனா பச்சை டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட காத்தாயி, பையிலிருந்து ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"எங்க பொண்ணு கயல்விழி போன்ல பார்த்து பர்பி செஞ்சாம்மா. சாப்பிட்டுப் பாருங்க."

பின்னாலேயே வாசலுக்கு வந்த விஜயலட்சுமி ஒரு துண்டை வாயில் போட்டாள். நெய் மணத்தது.

"எதுக்கு காத்தாயி, இவ்வளவு நெய்?"

"நீடாமங்கலத்துல வெண்ணெய் வாங்கி உருக்கினதும்மா. ரெண்டு தட்டு போட்டோம். எங்களுக்கு டால்டாவே போதும். அடுத்தவங்களுக்குக் கொடுக்குறத நெய்யில செய்யாட்டி மனசு கேக்குமா?"

விஜயலட்சுமி காத்தாயியின் கையிலிருந்த பச்சை ரப்பர் பேண்ட் டப்பாவைப் பார்த்தாள். குப்பைக் கூடையில் அவள் ஒளித்ததும் டால்டா கவர்தான்.

"காத்தாயி, அந்த டப்பாவ இப்படிக் குடு. இவ மாத்திக் குடுத்துட்டா."

"இல்லம்மா, சரியாத்தான் குடுத்தேன்" என்றாள் ஷோபனா. "நீ சொன்ன பச்சைதானே?"