நொண்டிய மயிலை

போன வருடச் சந்தையில் மயிலைக் காளை நொண்டித்தான் தப்பியது. உழவு மாடு தேடி வந்தவர்கள் அது காலை இழுப்பதைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டார்கள். பொழுது சாய, எசமானோடு வீடு திரும்பிவிட்டது.

இந்த வருடமும் அதே புளியமரத்தடி. மயிலை இறங்கியதுமே நொண்ட ஆரம்பித்தது.

"கால்ல முள்ளாடா தம்பி?" என்றது எசமான் கூடவே ஓட்டிவந்து பக்கத்தில் கட்டியிருந்த எருமை.

"முள்ளுமில்ல, கல்லுமில்ல. நீயும் நொண்டு, அக்கா. ஒரு பய சீந்த மாட்டான்."

எருமை சுற்றிலும் பார்த்தது. "ஏர் ஓட்டுறவன் ஒருத்தனையும் காணோமே?"

அதற்குள் ஒரு வியாபாரி வந்துவிட்டார். மயிலை இன்னும் பலமாக நொண்டியது. அவர் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை, நடத்திக் காட்டச் சொல்லவில்லை. தொடையைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"ரெண்டுல எதைக் குடுக்குறீங்க?"

எசமான் எருமையின் மடியைப் பார்த்தார், காளையின் காலைப் பார்த்தார். "இதுதான் நொண்டிப்போச்சு. இதையே பிடிங்க."

"நொண்டினா என்னங்க, அடிமாட்டு லாரியிலதானே போகப்போகுது" என்று வியாபாரி துண்டை விரித்தார். துண்டுக்கடியில் இருவர் விரல்களும் விலை பேசின.

மயிலை சட்டென்று நாலு காலையும் ஊன்றி, கயிறு எட்டும் மட்டும் கம்பீரமாக நடந்தது. திரும்பி வந்தது. மறுபடி நடந்தது.

துண்டிலிருந்து யாரும் கண்ணை எடுக்கவில்லை.