சுவரடிக் குழாய்

"மோட்டாரு காயில் கருகிப் போச்சுங்க அத்தை. ஒரு சொட்டுத் தண்ணி ஏறலை" என்றான் அன்பழகன். ஆராயியின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. பக்கத்திலிருந்த வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னான்.

ஆராயி இரண்டு காலிக் குடங்களோடு படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "விடிஞ்சதுல இருந்து கன்னுக்குட்டி கத்திக்கிட்டே கெடக்குது சாமி. என்ன பண்றது, உன்ற மோட்டாருக்கும் இந்நேரம் பாத்தா கேடு வரோணும்?" என்று அவனுக்காகவும் சேர்த்து வருத்தப்பட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த வருத்தம்தான் அவனைச் சுட்டது.

மோட்டாருக்கு ஒரு கேடும் இல்லை. ஊரிலேயே தண்ணீர் மிச்சமிருந்தது அவன் போர்க்குழாய்க் கிணற்றில் மட்டும்தான். ஆறு மணிக்கு மும்முனை கரண்ட் வந்ததிலிருந்து, ஐந்நூறு அடி ஆழத்தில் மோட்டார் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழுக்கப் போனது ஓடைக்கு.

காரணம் இல்லாமல் இல்லை. விமான நிலையத்தைப் பெரிதாக்குகிறோம் என்று இரண்டு வருடம் முன்பு தாழை ஓடைக்குக் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். தண்ணீர் போக அடியில் பேருக்கு ஒரு குழாய் வைத்தார்கள். முதல் மழைக்கே அது மண் மூடி அடைத்துக்கொண்டது. கீழே ஏரி வறண்டது, கிணறுகள் வறண்டன, ஆராயி மூன்று மாட்டில் இரண்டை விற்றாள். ஊர் கூடி வழக்குப் போட்டது. முதல் கையெழுத்து அன்பழகனுடையது.

போன வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் தமிழரசு எழுந்து, "அங்கே ஓடையே கிடையாதுங்க ஐயா. அது மாட்டு வண்டித் தடம்" என்றார். சேலம் கோர்ட்டே சிரித்தது. அன்பழகனுக்கு நாண்டுகொண்டு செத்துவிடலாம் போலிருந்தது. நேரில் பார்த்து எழுதி வரச் சொல்லி மைதிலி என்ற வக்கீலைக் கமிஷனராகக் கோர்ட் நியமித்தது. அவர் இன்று பத்து மணிக்கு வருகிறார்.

காய்ந்த மணலைப் பார்த்துவிட்டு அவரும் வண்டித்தடம் என்று எழுதிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் அன்பழகன் யாருக்கும் தெரியாமல் தன் போரிலிருந்து ஓஸ் பைப் இழுத்து மணலில் புதைத்திருந்தான். சுவரடிக் குழாயை அடைத்த மண்ணை ஒரு முழம் மட்டும் தோண்டி, அதற்குள் ஓஸின் வாயைச் செருகி, மேலே முள்ளை வெட்டிப் போட்டிருந்தான். பார்த்தால் மலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர் என்றுதான் எவரும் சொல்வார்கள். பொய்தான்; ஆனால் ஓடை பொய்யில்லையே என்று மனதைத் தேற்றிப் பார்த்தான். அது தேறினால்தானே!

பத்து மணிக்கு ஜீப் வந்தது. மைதிலி இறங்கினார், சர்வேயர் இறங்கினார். பின்னாலேயே தன் காரில் தமிழரசு. சுவரோரம் ஊரே கூடிவிட்டது.

"அய்யோ சாமி! ஓடையில தண்ணி வருது!" என்று கூவிக்கொண்டு ஆராயி குடங்களோடு ஓடி வந்தாள். இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். கன்றுக்குட்டிக்காவது தண்ணீர் கிடைத்ததே என்று அன்பழகனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சர்வேயர் டேப் பிடித்து அகலம் அளந்தார். மைதிலி போட்டோ எடுத்துக்கொண்டு தமிழரசுவைப் பார்த்தார். "வண்டித்தடம்னு சொன்னீங்களே சார். வண்டித்தடத்துல இப்படித் தண்ணி வருமா?"

ஊர் கொல்லென்று சிரித்தது. தமிழரசு கோபப்படவேயில்லை. "நேர்ல பாத்துட்டேன் மேடம். ஓடைதான். தாராளமா எழுதிக்குங்க" என்றார் சிரித்தபடி.

ஜெயித்துவிட்டோம் என்று அன்பழகனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இன்று சாயங்காலமே அத்தையிடம் உண்மையைச் சொல்லி, காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

மைதிலி ஆராயியிடம் குனிந்தார். "இந்தத் தண்ணி எங்கிருந்தும்மா வருது?"

"ஏற்காட்டு மலையில மழை பேஞ்சிருக்குமுங்க. இந்தக் குழாய் வழியா வருது, பாருங்க!"

"யாராவது மோட்டார் போட்டு விட்டிருப்பாங்களோ?"

ஆராயிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏனுங்கம்மா, நாங்க அப்படிப்பட்ட சனமா? இந்த ஊர்ல எந்தப் போர்லயும் தண்ணி இல்லீங்க. அன்பழகங்கிட்ட இருந்தது ஒண்ணு, அதும் கருகிப் போச்சு. காலையில நாந்தான் கேட்டுட்டு வந்தேன். இல்லையா சாமி?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். "ஆமாங்க" என்றான் அன்பழகன்.

மைதிலி அதையும் எழுதினார். ஆராயியிடம் கையெழுத்து வாங்கினார். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு நல்லது செய்துவிட்ட நிறைவில் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு மைதிலி வழக்கு மனுவைப் புரட்டி, அவன் கையெழுத்துக்கு மேலே இருந்த வரியில் பேனாவை வைத்தார். அடைத்துக்கொண்ட குழாய் வழியே ஒரு சொட்டுத் தண்ணீரும் வருவதில்லை என்று அதில் இருந்தது.

"குழாய்ல எந்த அடைப்பும் இல்லைன்னு எழுதிக்கலாமில்லைங்க, அன்பழகன்?"