அம்மன் சொன்ன பஸ்

பிரகாரத்தில் சுற்றிக்கொண்டிருந்த என் காலில் ஒரு பெண் வந்து விழுந்தாள்.

கோமதி அம்மனின் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் சங்கரன்கோவிலில் ஆடிச்சுற்று தொடங்கிவிடும். வேண்டிக்கொண்டவர்கள் நூறு, ஐந்நூறு என்று கோயிலைச் சுற்றுவார்கள். சுற்றுகிறவள் காலில் யாரும் விழுவதில்லை.

தூக்கி நிறுத்தினேன். பாளையங்கோட்டை போகிற வழியில் இருக்கிற பனவடலிசத்திரத்து ஆறுமுகத்தாய். ஒரு காலத்தில் என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவள்.

அவள் விழுந்தது நாலு வருஷத்துக்கு முந்தைய என் காலில்.

அந்த ஆடியில் நான் சுற்றியதற்குக் கணக்கே கிடையாது. தூக்கம் இல்லை, சோறு இல்லை, கால் தரையில் பாவவில்லை. தைக்க வந்த பட்டுச் சேலைகளை எல்லாம் கிழித்து அம்மனுக்குப் பாவாடை தைத்தேன். சேலைக்காரிகளில் ஒருத்திகூடச் சண்டைக்கு வரவில்லை. அம்மனே கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று சந்தோஷப்பட்டார்கள். வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. எல்லோருக்கும் வாக்குச் சொன்னேன். சிலது பலித்தும் தொலைத்தது.

ஆவணி பிறந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். அம்மன் மலையேறிவிட்டாள் என்று கூட்டம் கலைந்துபோனது. அப்புறம் எனக்குத் தலை வாரிவிட என் வீட்டுக்காரர் மகாராஜனைத் தவிர ஆள் இல்லை.

பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், பைபோலார். ஆடிமாதத்து ஆட்டமும் ஆவணிமாதத்துப் படுக்கையும் ஒரே நோய்தான் என்றார். எனக்கு அழுகை வரவில்லை. பெயர் தெரிந்துவிட்டால் எதையும் சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியது.

சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, நேரத்துக்குத் தூக்கம். தையல் மெஷின் மறுபடி ஓடுகிறது, சேலைகள் முழுசாகத் திரும்பிப் போகின்றன.

இந்த வருஷம் கொஞ்சமாகச் சுற்றினால் போதும் என்று வந்திருந்தேன். மகாராஜன் தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு உடம்பில் தண்ணீர் குறையக்கூடாது என்பது ஒரு காரணம். நான் கொஞ்சம் வேகமாக நடந்தாலே அவருக்குப் பயம் வந்துவிடும் என்பது இன்னொன்று.

ஆறுமுகத்தாய் தன் மகளை என் முன்னால் நிறுத்தினாள். முத்துமணி, காலேஜில் படிக்கிறவள். தலை கொள்ளாத பிச்சிப்பூ. பாதமெல்லாம் கொப்புளம் உடைந்து ரத்தம். ஒரு பேச்சை முடிக்குமுன் அடுத்ததற்குத் தாவிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரமாகக் கண்ணே மூடவில்லையாம். தெருக்காரர்கள் வாக்குக் கேட்டு வர ஆரம்பித்துவிட்டார்களாம். நேற்று மொட்டைமாடிச் சுவரில் ஏறி நின்று, குதித்தால் அம்மன் ஏந்திக்கொள்வாள் என்றாளாம். ஆறுமுகத்தாய் இதைப் பாதி பயத்தோடும் பாதி பெருமையோடும் சொன்னாள். வந்திருப்பது கோமதி அம்மன்தான் என்று என் வாயால் கேட்க வேண்டும் அவளுக்கு.

முத்துமணியின் கண்களைப் பார்த்தேன். அந்தக் கண்களை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

இது நோய், எனக்கு வந்ததும் இதுதான், டாக்டரிடம் கூட்டிப்போ என்று தன்மையாகத்தான் சொன்னேன். பையிலிருந்த மாத்திரை அட்டையைக்கூட எடுத்துக் காட்டினேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது.

"எம் பிள்ளைக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். இப்படியே விட்டால் அந்தப் பிள்ளை மறுபடி மாடிச் சுவரில்தான் போய் நிற்கும்.

நான் கொண்டையை அவிழ்த்துவிட்டேன்.

தலையை நாலு சுழற்றுச் சுழற்றியதும் பிரகாரமே நின்றுவிட்டது. அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய குரல் எழுந்து வந்தது. துருப்பிடிக்கவே இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஏட்டி ஆறுமுகத்தாய், நில்லு. இன்னைக்கு ராத்திரி மாடிக்கதவப் பூட்டிட்டு இவ கையப் பிடிச்சுட்டே படு. நாளைக் காலைல முதல் பஸ்ஸு உங்க ஊர்ல வந்து நிக்கும். அதுல ஏத்திப் பாளையங்கோட்டைக்குக் கொண்டு வா. அங்கன நான் டாக்டர் உருவத்துல உக்காந்திருக்கேன். குடுக்கத எம் பிரசாதமா வாங்கி அவளுக்குக் குடு. பாதியில நிறுத்தினா நான் பொல்லாதவ. வழித்துணைக்கு ஒருத்திய அனுப்புதேன்."

ஆறுமுகத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். சரி தாயே, சரி தாயே என்றாள். முத்துமணி பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அவள் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பிவைத்தேன்.

பிறகுதான் மகாராஜனைத் தேடினேன்.

தூணோடு தூணாக ஒட்டி நின்றிருந்தார். பாட்டில் கைநழுவிக் கல்தரையில் உருண்டு கிடந்தது. நாலு வருஷப் பாடும் வீணாய்ப் போயிற்று என்று நினைத்துவிட்டார், பாவம்.

பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். அவர் காதருகில் போய், "காலையிலயே மாத்திர போட்டுட்டேன், பயப்படாதீங்க" என்றேன்.

நம்பினதாகத் தெரியவில்லை. மாத்திரை அட்டையை என் பையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்து எண்ணிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்தது. வழித்துணைக்கு ஆள் அனுப்புவதாகச் சாமி சொல்லியிருக்கிறதே, யாரை அனுப்பப் போகிறாய் என்று மெதுவாகக் கேட்டார்.

நான் கொண்டையை முடிந்துகொண்டேன்.

"நாளைக்கு நாமளும் டாக்டரப் பாக்கப் போற நாள்தான? அதே முதல் பஸ்ஸுல இங்கன ஏறுததும் அந்தப் பிள்ளைக்கு ஜன்னலோரம் ஒரு சீட்டுப் போட்டு வைங்க."