கம்பி வாங்க வந்தவர்கள்

"இல்லை, இது வேணாம். தகரத்தில தட்டுற மாதிரி இருக்கு" என்றான் பஸ்தியான்.

அவன் முகத்தையே பார்த்திருந்த டொறத்தி உடனே வாசிப்பதை நிறுத்தினாள். மடியிலிருந்த பேஸ் கிட்டாரைத் தூக்கி யூஜினியிடம் கொடுத்தாள்.

சிலாபத்தில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் யூஜினிக்கு அது பிடிக்கவில்லை. விரல்கள் ஓடிய விதத்திலேயே தெரிந்தது, அந்தப் பெண் நன்றாக வாசிக்கக்கூடியவள். பக்கத்துக் கதிரையில் இருந்த புருஷனோ மாம்புரியில் மீன் பிடிப்பவன். கிட்டாரைப் பிடிக்கக்கூடத் தெரியாது என்று அவனே சொல்லியிருந்தான்.

"தலவிலக் கோயில் திருநாளுக்கு இவ பாடகர் குழுவோட வாசிக்கப் போறா. பழைய கம்பி கிடந்து கத்துது. பாட்டுக்கு அடியில இதமா ஓடுற சத்தம் வேணும்."

"எனக்கு விரலுக்கு வழுவழுப்பா இருந்தாக் காணும்" என்றாள் டொறத்தி. குரல் கடை வாசல்வரை கேட்டது. பஸ்தியான் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினான். அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

யூஜினிக்குச் சுருக்கென்றது. அவளுடைய புருஷன் சாகும்வரைக்கும் அவள் உடுத்தும் சேலையைக்கூட அவன்தான் தெரிவு செய்தான். இப்படி எத்தனை கை அசைவுகளைப் பார்த்திருப்பாள்.

"இதில போட்டிருக்கிறது நிக்கல் கம்பி. மற்றது மாதிரி கத்தாது" என்று அடுத்த கிட்டாரைக் கொடுத்தாள். டொறத்தி மெதுவான ஒரு மாதா பாடலை வாசித்தாள்.

"அருமையா இருக்கு தங்கச்சி!"

டொறத்தி சிரித்தாள். ஆனால் கண்கள் புருஷனிடம் போயின. அவன் தலையை ஆட்டினான்.

"இல்லை. இன்னும் கொஞ்சம் கீச்சு இருக்கு."

சிரிப்பு அணைந்துபோனது.

மூன்றாவது கிட்டாரை எடுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே, "எங்க பழகினீங்க தங்கச்சி?" என்று கேட்டாள் யூஜினி.

"முல்லைத்தீவில. கலியாணத்துக்கு முந்தி" என்று பஸ்தியானிடமிருந்து பதில் வந்தது.

யூஜினி பல்லைக் கடித்துக்கொண்டாள். கிட்டாரை டொறத்தியின் கையிலேயே கொடுத்து, அவளைப் பார்த்தே சொன்னாள். "இதில மேலே சுத்தியிருக்கிற கம்பி தட்டை. விரல் உரசுற சத்தமும் வராது."

டொறத்தி வாசித்தாள். ஆழமான, கனிந்த ஒலி கடைக்குள் பரவியது. பஸ்தியான் கண்களை மூடிக்கொண்டு பாட்டு முழுவதையும் கேட்டான். திறந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

"இதுதான்."

"உண்மையாவோ?"

"உண்மையா."

டொறத்தி கிட்டாரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அதே வகைக் கம்பியில் ஒரு பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு, பஸ்தியான் ஆட்டோ பிடிக்க வெளியே போனான். டொறத்தி குனிந்து அதைப் பைக்குள் வைத்தாள். யூஜினியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"குறை நினைக்காதீங்க தங்கச்சி. வாசிக்கிறது நீங்க. நல்லம், கூடாது எண்டு சொல்ல அவர் ஆர்? இப்படியே விட்டா உங்களுக்கெண்டு ஒண்டும் மிஞ்சாது. நான் பட்டவள், சொல்றன்."

டொறத்தி நிமிரவில்லை. பையின் ஸிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, உங்களைத்தான்!"

யூஜினி தோளைத் தொட்டாள். டொறத்தி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"என்னோட கதைச்சீங்களோ அக்கா? முகத்தைப் பாத்துக் கதைச்சாத்தான் எனக்கு விளங்கும். கடைசிச் சண்டையில ஷெல் விழுந்து ரெண்டு காதும் போயிட்டுது. நான் வாசிச்சா எல்லாரும் பாவம் பாத்து அருமை எண்டுதான் சொல்லுவினம். இல்லையெண்டு சொல்லுறதுக்கு எனக்கு இவர் ஒருத்தர்தான் இருக்கிறார்."