கையசைக்கும் கடைக்காரி

திருப்போரூர் வீட்டில் மத்தியான வெயில் திறந்த பெட்டியின் மேல் விழுந்து கிடக்கிறது. நாளை ஜப்பானின் மலைக்கிராமம் ஒன்றுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறாள் பூங்கொடி. ஆறு மாதமாகக் கைபேசி வரைபடத்தின் தெருப்படங்களில் அந்த ஊர்த் தெருவெல்லாம் விரலால் நடந்தவள், தான் வேலைக்குப் போகும் பள்ளிக்கு எதிரிலுள்ள கடை வாசலில் கையசைத்து நிற்கும் பெண்ணை அம்மாவுக்குக் காட்டுகிறாள். "அங்க எனக்குத் தெரிஞ்ச மொகம் இது ஒண்ணுதாம்மா." முகம் மங்கலாக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கடைக்காரிக்கென்றே அம்மா கன்னியம்மா தனியாக ஓர் ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் மோகன் எட்டிப் பார்க்கிறான். "இன்னாடி, இது பன்னெண்டு வருசத்துக்கு மிந்தி புடிச்ச படம். கீய வருசம் போட்டுகீது பாரு." இடது கை விரலால் புதிய படத்துக்குத் தள்ளுகிறான். கடை இருந்த இடத்தில் இடுப்பளவு புல். பூங்கொடி விரலைப் பின்னுக்கும் முன்னுக்கும் நகர்த்துகிறாள். பெண் வருகிறாள், புல் வருகிறது. கன்னியம்மா பாட்டிலை எடுத்துத் துணியைப் பிரித்து, மகனின் தட்டருகே வைக்கிறாள். "அப்ப நீயே துன்னு."